வாளை என்று நினைத்த மீன்

1

எங்கள் வீட்டில் வாசிப்பது ஒரு உத்தியோகம். அந்த உத்தியோகத்துக்கு நான் ஒருவன்தான் ஆள்.

அப்பா தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அங்கே தமிழருக்கு அடி விழுந்த காலத்தில் சொந்தக்காரரோடு வன்னிக்கு வந்து, ஜெயபுரத்தில் காடு வெட்டிக் குடியேறியவர். அம்மாவும் அதே வழியால் வந்தவர்தான். இரண்டு பேருக்கும் பள்ளிக்கூடம் என்பது வாக்குப் போடப் போகும் கட்டடம். ஆகவே எனக்கு எட்டு வயதான நாளிலிருந்து கிராம அலுவலரின் கடிதம், கிளினிக் கொப்பி, மருந்துப் போத்தல், உரப்பை எல்லாம் என் கைக்குத்தான் வரும். "தம்பி, உதிலை என்ன எழுதிக் கிடக்கு?" நான் வாசிப்பேன். உரப்பையில் உள்ளதை அப்பா இரண்டாம் முறையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, பிறகு தன் எண்ணப்படியே உரம் போடுவார்.

இந்த ஆவணியோடு நான் கனடாவுக்கு வந்து நாலு வருடம். இங்கேயும் அதே உத்தியோகம்தான். குடிவரவுப் படிவம், வரிப் படிவம், வீட்டு வாடகை ஒப்பந்தம், பால் பெட்டியின் பக்கவாட்டு என்று எதையும் விடுவதில்லை. அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு புத்தகத்தை வாசிக்காமல் விட்டேன். மெல்லிய புத்தகம். படம் போட்டது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

2

நான் இருப்பது ரொறன்ரோவிலிருந்து வடக்கே கார் ஓடி அலுத்துப்போகும் தூரத்தில் ஒரு சின்ன ஊர். ஒரு மரஆலை, நான் வேலை செய்யும் ஜன்னல் தொழிற்சாலை, ஒரு ஏரி. தமிழ்க் குடும்பங்கள் ஐந்து. இன்னும் ஒன்று வந்தால் இரண்டு சங்கம் தொடங்கலாம் என்பார் சிவம் அண்ணை. அவர் உடையார்கட்டுக்காரர். இங்கே வந்து பதினைந்து வருடமாகிறது. தொழிற்சாலையில் எனக்கு வேலை பழக்கியவரும், ஏரிக்கு முதன்முதலில் கூட்டிக்கொண்டு போனவரும் அவர்தான்.

மீன் பிடிக்க இங்கே அனுமதிப்பத்திரம் வேண்டும். அதை எடுத்த கடையில் இரண்டு புத்தகம் தந்தார்கள். ஒன்று தடித்தது: எந்த மீனை எந்த மாதத்தில் பிடிக்கலாம், எத்தனை பிடிக்கலாம், எந்த நீளத்துக்கு மேற்பட்டதைத் திரும்ப விட வேண்டும், மீறினால் என்ன தண்டம் என்கிற சட்டப் புத்தகம். அதை நான் மூன்று முறை வாசித்தேன். மற்றது மெல்லியது. அட்டையில் ஒரு மீன், ஒரு தட்டு, ஒரு முள்ளுக்கரண்டி. சமையல் குறிப்பு என்று நினைத்தேன். வெள்ளைக்காரன் மீன் சமைப்பதை நான் பார்த்திருக்கிறேன். அதில் படிக்க ஒன்றுமில்லை என்று காரின் முன்பெட்டியில் போட்டுவிட்டேன்.

எங்களுக்கு இப்படித்தான். தண்டம் போடும் தாளுக்குப் பயப்படத் தெரியும். வெறுமனே அக்கறைப்படும் தாளை என்ன செய்வதென்று தெரியாது.

அன்று என் தூண்டிலில் ஒரு மீன் ஏறியது. முழங்கை நீளம். கண் இரண்டும் கண்ணாடிக் குண்டு போல.

"அடிச்சாய் பார் வாலை!" என்றார் சிவம் அண்ணை.

"என்னண்ணை, வாளையோ?"

"ஓம், வாலை."

உண்மையில் அந்த மீனுக்கு ஆங்கிலத்தில் 'வோல்-ஐ' என்று பெயர். பதினைந்து வருடத்தில் சிவம் அண்ணையின் நாக்கு அதைத் தேய்த்து 'வாலை' ஆக்கியிருந்தது. என் காது ஒரு ளகரத்தைப் போட்டு அதை 'வாளை' ஆக்கிக்கொண்டது. குடியுரிமை கொடுப்பதற்கு அரசாங்கத்துக்கு வருடக்கணக்காகிறது. நான் அந்த மீனுக்கு ஒரு நொடியில் கொடுத்துவிட்டேன்.

வாளை எங்கள் குளத்து மீன். பெரிய மீன். அது இங்கேயும் இருக்கிறது என்ற சந்தோசத்தில் கரையில் நின்றபடியே அம்மாவுக்கு வீடியோ அழைப்பு எடுத்தேன். அங்கே அப்போது மாலை. அம்மா குசினிக்குள் அடுப்படியில் நின்றார்.

"அம்மா, இஞ்சை பாருங்கோ, வாளை!"

அம்மா போனைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். "வாளைக்குச் செதில் இல்லையே தம்பி. உதுக்குக் கிடக்கு."

நான் யோசித்தேன். படித்தவன் பதில் சொல்லாமல் இருக்கக் கூடாது.

"இஞ்சத்தைக் குளிருக்கு வந்திருக்கும் அம்மா."

அம்மா தலையாட்டினார். குளிருக்கு நாங்கள் எல்லோரும் தடித்த மேலாடை போட்டு நிற்கும் படங்களை அவர் பார்த்திருக்கிறார். மீனுக்கும் ஏதாவது வேண்டும்தானே.

3

ஆனி மாதம் என் மனைவி கௌசிக்குப் பிள்ளை தங்கியிருக்கிறது என்று தெரிந்தது. கௌசி பூவரசங்குளத்துப் பெண். அவளுடைய ஆட்கள் யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துக் காணிக்கு வந்து வயல் செய்பவர்கள். அவள் இங்கே வந்து ஒன்றரை வருடம்.

செய்தியைச் சொன்னபோது அம்மா அழவில்லை, கும்பிடவில்லை. முதலில் கேட்டது இதுதான்: "வாளை இப்பவும் பிடிபடுதோ?"

"பிடிபடுது."

"அப்ப நல்ல பெரிசாப் பாத்து அவளுக்குக் குடு. தலையும் நடுத்துண்டும் அவளுக்கு. கிழமையிலை ரெண்டு நாளாவது. கேக்குதோ?"

இந்தக் கட்டளைக்குப் பின்னால் ஒரு பழைய வழக்கு இருக்கிறது. அது எங்கள் வீட்டில் எனக்கு முன்னே பிறந்தது.

அம்மா என்னை வயிற்றில் வைத்திருந்த காலத்தில் அப்பா குளத்தில் வலை போட்டுக்கொண்டிருந்தார். விராலும் வாளையும் சைக்கிள் பெட்டியில் ஏறிக் கிளிநொச்சிக்குப் போகும். வலையின் அடியில் மிஞ்சுகிற கெண்டைக் குஞ்சும் பொடி மீனும் வீட்டுக்கு வரும். ஒன்பது மாதமும் பொடி மீன். ஒரு நாள் அம்மா வாய் விட்டே கேட்டாராம், ஒரேயொரு துண்டு வாளை. அப்பா "நாளைக்குப் பாப்பம்" என்றாராம். அந்த நாளை இன்னும் வரவில்லை. நான் வளர்ந்த வீட்டில் எந்தச் சண்டை எங்கே தொடங்கினாலும், கூரை ஓட்டில் தொடங்கினாலும் மாட்டுக் கயிற்றில் தொடங்கினாலும், முடிவது அந்தத் துண்டு வாளையில்தான். "பிள்ளைத்தாச்சிக்கு ஒரு துண்டு மீன் தராத மனிசன்" என்று அம்மா சொன்னவுடன் அப்பா துவாயை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். வழக்கு ஒத்திவைக்கப்படும்.

ஆகவே என் மனைவி சாப்பிட வேண்டியிருந்தது வெறும் மீன் அல்ல. இருபத்தொன்பது வருடத்து நிலுவை.

சிவம் அண்ணைக்கும் செய்தி போனது. எங்கள் பக்கத்தில் பெரிய மீன் பிடிபட்டால் முதலில் பிள்ளைத்தாச்சி உள்ள வீட்டை நினைப்பார்கள். அவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் தன் பெட்டியில் உள்ளதில் ஆகப் பெரியதை எடுத்து, வாலில் பிடித்துத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலில் நிற்பார். "கௌசி, இது உனக்கில்லை, உள்ளுக்கிருக்கிற ஆளுக்கு" என்பார். என் மீனும் அவர் மீனுமாகக் குளிரூட்டியில் இடம் போதவில்லை.

கௌசிக்கோ மீன் மணமே ஆகாது. அந்த மாதங்களில் அரிசி கொதிக்கும் மணத்துக்கே ஓடுவாள். ஆனால் செவ்வாயும் சனியும் மேசையில் இருந்து, குழம்பில் கிடக்கும் நடுத்துண்டை மருந்து மாதிரிச் சாப்பிட்டு முடிப்பாள். நான் அதைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்புவேன். அம்மா அதற்கு ஒரு கும்பிடும் கையும் இரண்டு பூவும் அனுப்புவார். எழுதத் தெரியாதவர்களுக்காகத்தான் அந்தப் படங்களைக் கண்டுபிடித்தார்களோ என்று நான் நினைப்பதுண்டு.

4

இங்கே பிள்ளை கிடைக்க ஒன்பது மாதம் போதும். குடும்ப வைத்தியர் கிடைக்கப் போதாது. நாங்கள் பட்டியலில் பெயர் பதிந்து பதினான்கு மாதமாகிறது. அவசரத்துக்குப் போகிற கிளினிக்கில் ஸ்கான் எடுத்தார்கள், மாத்திரை தந்தார்கள். ஆறுதலாக இருந்து கேள்வி கேட்கும் சந்திப்பு ஆவணி மாதக் கடைசியில்தான் கிடைத்தது. அப்போது கௌசிக்கு நாலரை மாதம்.

நேர்ஸ் ஒருவர் கணினிக்கு முன்னால் இருந்து கேட்டுக்கொண்டே போனார். முதல் கால் மணித்தியாலம் பெயரிலேயே போனது. கௌசியின் பெயரில் முதற்பெயர் எது, குடும்பப்பெயர் எது, அவளுடைய குடும்பப்பெயர் ஏன் அவளுடைய அப்பாவின் முதற்பெயராக இருக்கிறது. பிறகு புகை பிடிப்பீர்களா, மது உண்டா, வீட்டில் பூனை உண்டா. எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்ததில் எங்களிடம் ஒன்றுமே இல்லையோ என்று எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது.

அப்போது அவர் கேட்டார்: "இந்தப் பகுதி ஏரிகளில் பிடித்த மீன் சாப்பிடுவதுண்டா?"

அப்பாடா, கடைசியில் ஒரு நல்ல கேள்வி.

"ஓம்! கிழமைக்கு இரண்டு தரம். நானே பிடிப்பது. மிகவும் புதிது. என் அம்மாவின் ஆலோசனை" என்றேன்.

அவருடைய விரல்கள் விசைப்பலகையில் நின்றன. "என்ன மீன்?"

"வாளை" என்றேன். அவர் காதில் அது 'வோல்-ஐ' என்றே விழுந்தது.

"என்ன அளவு?"

நான் கையை விரித்துக் காட்டினேன். மீன் பிடிக்கிறவன் கையை விரித்தால் உண்மை எங்கே நிற்கும், கை எங்கே நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஜெயபுரத்தில் அது எல்லோருக்கும் தெரியும். கேட்பவர் மனதுக்குள் ஒரு சாண் கழித்துக்கொள்வார். இந்த நேர்ஸ் கழிக்கவில்லை. என் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் உள்ள தூரத்தைக் கண்ணால் அளந்து அப்படியே எழுதினார். பிறகு கௌசியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அதட்டல் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"பெரிய வோல்-ஐயில் பாதரசம் இருக்கக்கூடும். கர்ப்பிணிகளுக்கு நாங்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை. பயப்பட வேண்டாம். ஒரு இரத்தப் பரிசோதனை செய்து பார்ப்போம். பிள்ளையின் மூளையும் நரம்பும் வளரும் காலம் இது, அதனால்தான்."

நான் மெதுவாகக் கையைச் சுருக்கினேன். "உண்மையில் இவ்வளவுதான் இருக்கும்." அவர் பார்த்தார். "சில நேரம் இவ்வளவு" என்று இன்னும் கொஞ்சம் சுருக்கினேன். கௌசி என் கையைப் பிடித்து மடியில் வைத்தாள்.

"காணும். விடுங்கோ" என்றாள்.

5

காருக்குள் வந்ததும் முன்பெட்டியைத் திறந்து அந்த மெல்லிய புத்தகத்தை எடுத்தேன். கிளினிக் வாகனத் தரிப்பிடத்திலேயே வாசித்தேன்.

எல்லாம் இருந்தது. எங்கள் ஏரியின் பெயர் இருந்தது. மீனின் பெயருக்கு எதிரே நீளம் நீளமாகப் பெட்டிகள். ஒவ்வொரு நீளத்துக்கும் இரண்டு எண்: ஒன்று பொதுவான ஆட்களுக்கு, மற்றது பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும். ஒரு மாதத்தில் எத்தனை நேரச் சாப்பாடு என்று. சிவம் அண்ணை வாலில் தூக்கிக்கொண்டு வருகிற நீளத்துக்குப் போய்ப் பார்த்தேன். எனக்கு நாலு. கௌசிக்குப் பூச்சியம்.

அடுத்த பக்கத்தில் விளக்கம். பாதரசம் எங்கேயோ எரிகிற நிலக்கரிப் புகையோடு வந்து மழையில் விழுகிறது. தண்ணீரில் அது வேறு உருவம் எடுத்துப் பூச்சிக்குள் போகிறது, பூச்சியைத் தின்ற சின்ன மீனுக்குள் போகிறது, சின்ன மீனைத் தின்ற பெரிய மீனுக்குள் சேர்ந்துகொண்டே இருக்கிறது. மீனுக்கு எவ்வளவு வயதோ, எவ்வளவு வேட்டையோ, அவ்வளவு பாதரசம். அது கொழுப்பிலோ தோலிலோ இல்லை, சதையில். கழுவினால் போகாது. பொரித்தால் போகாது. தலையை வெட்டினாலும் போகாது. சின்ன மீனில், பூச்சியும் பாசியும் தின்கிற மீனில், குறைவு. மீனையே விட்டுவிடாதீர்கள், பிள்ளைக்கு மீன் நல்லது, மீனைத் தெரிந்து எடுங்கள் என்று கடைசி வரி.

கௌசி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"இந்தப் புத்தகம் எவ்வளவு நாளா இதுக்குள்ளை கிடக்கு?"

"மே மாதத்திலை இருந்து."

"நான் சத்தியெடுத்துச் சத்தியெடுத்துத் திண்டனான்" என்றாள். "மாமி ஆசைப்படுறா எண்டுதான் திண்டனான். நீங்கள் எல்லாம் வாசிக்கிற ஆள், பாத்திருப்பியள் எண்டுதான் திண்டனான்."

நாலு வருடத்தில் எனக்குக் கிடைத்த மிகச் சரியான மதிப்பீடு அது. படித்தவனும் சில நேரம் பதில் சொல்லாமல் இருக்கலாம் என்று அன்றுதான் தெரிந்தது.

முடிவு வர இரண்டு கிழமை ஆகும் என்றார்கள். அம்மாவுக்குச் சொல்லாமல் இருக்கலாம் என்று பார்த்தேன். ஆனால் செவ்வாய் படம் போகவில்லை. புதன்கிழமை காலையே அழைப்பு வந்துவிட்டது.

"அவளுக்கு மீன் குடுக்கேல்லையோ?"

"இல்லையம்மா. அந்த மீனிலை பாதரசம் இருக்காம்."

"என்ன ரசம்?"

"பாதரசம்."

"ரசம் நல்லதுதானே தம்பி. செமிக்கும்."

நான் விளக்கினேன். காய்ச்சல் பார்க்கிற கண்ணாடிக் குழாய்க்குள் வெள்ளியாக ஓடுமே, அது. அம்மாவின் முகம் மாறியது. ஆனாலும் அவர் தோற்கும் ஆள் இல்லை.

"மஞ்சளும் உப்பும் போட்டு நாலு தண்ணியிலை உரஞ்சிக் கழுவிப் பார். பழப்புளியிலை கொஞ்ச நேரம் ஊற வை. எந்தக் கெட்டதும் புளிக்கு நிக்காது."

"இது நிக்குமாம் அம்மா. சதைக்குள்ளை இருக்காம்."

"அந்த ஏரித் தண்ணி கண்ணாடி மாதிரி எண்டு நீதானே காட்டினனி? கல்லெல்லாம் தெரிஞ்சுதே."

எங்கள் குளத்தில் முழங்கால் வரை இறங்கினால் கால் தெரியாது. இங்கே பத்தடிக்குக் கீழே கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம். துப்பரவு என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யப் பழகிய ஆட்கள் நாங்கள்.

பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "கரையிலை போர்ட் போட்டிருக்கோ எண்டு கேள்."

"புத்தகத்திலை போட்டிருக்கப்பா."

"மண்டையோடு கீறிக் கிடக்கோ?"

"இல்லை."

"மண்டையோடு இல்லாட்டி என்ன ஆபத்து?" என்றார் அப்பா.

போர் முடிந்து நாங்கள் முகாமிலிருந்து திரும்பி வந்தபோது குளத்துக்குப் போகும் பாதை நெடுக மிதிவெடிக்குச் சிவப்புப் பலகை நின்றது. மண்டையோடும் இரண்டு எலும்பும். அப்பா தன் வாழ்நாளில் யாருடைய உதவியும் இல்லாமல் வாசித்த ஒரே எழுத்து அதுதான். அது ஒரு நேர்மையான பலகை. இந்தப் பக்கம் கால், அந்தப் பக்கம் கால் இல்லை. 'மாதத்தில் நாலு தரம் மிதிக்கலாம், கர்ப்பிணிகள் மிதிக்கக் கூடாது' என்று அதில் எழுதியிருக்கவில்லை.

அம்மா கடைசியில் மெதுவாகக் கேட்டார். "அப்ப எங்கட குளத்து மீனிலையும் இருக்குமோ?"

அன்று பின்னேரம் முழுக்க இருந்து தேடினேன். இங்கே ஏரிக்கு ஏரி அட்டவணை இருக்கிறது, பெயரே இல்லாத குட்டைக்குக்கூட இருக்கிறது. எங்கள் குளத்துக்கு ஒன்றும் என் கண்ணில் படவில்லை. இருக்கிறது என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. யாராவது அளந்து பார்த்தார்களா என்பதே எனக்குத் தெரியாது. ஆகவே ஊரில் இதை வாசிக்கும் உங்களுக்கு என்னால் ஒரு எண்ணும் தர முடியாது. ஒரு சாதாரணக் கணக்குத்தான் தர முடியும்: மீனைத் தின்று பெருத்த கிழட்டு விராலும் வாளையும் பிள்ளைத்தாச்சியின் சோற்றுக் கோப்பைக்கு அடிக்கடி போக வேண்டாம். சின்னதும் பாசி தின்பதும் போகட்டும். சந்தேகமென்றால் கிளினிக்கில் கேளுங்கள். கேட்கும்போது கையை விரிக்காதீர்கள்.

6

குற்ற உணர்வு உள்ளவன் சும்மா இருக்க மாட்டான், மொழிபெயர்ப்பான். மற்ற நாலு தமிழ்க் குடும்பமும் அதே மீனைத்தான் தின்கிறார்கள் என்பதால், அந்த அட்டவணையை ஒரு தாளில் தமிழில் எழுதிப் பிரதி எடுத்தேன்.

புத்தகத்தில் பெண்களும் பிள்ளைகளும் உள்ள பகுதிக்கு 'சென்சிற்றிவ்' ஆட்கள் என்று தலைப்பு. அகராதியைப் பார்த்தேன். எழுதினேன்: 'உணர்ச்சிவசப்படுவோர் இந்த மீனை உண்ணக் கூடாது.'

முதல் பிரதியோடு சிவம் அண்ணை வீட்டுக்குப் போனேன். அவர் தாளை எட்டப் பிடித்து, கண்ணாடியை மூக்கில் இறக்கி, சத்தமாக வாசித்தார். பிறகு குசினிப் பக்கம் திரும்பினார்.

"சாந்தி! உமக்கு மீன் இல்லையாம். எழுத்திலை வந்திட்டுது."

"ஏனாம்?" என்றார் உள்ளேயிருந்து அவர் மனைவி சாந்தி அக்கா.

"உணர்ச்சிவசப்படுறவைக்குக் கூடாதாம்."

"அப்ப நேற்றுப் பந்து விளையாட்டுப் பாத்து ரீவிக்கு முன்னாலை குளறினது ஆர்? அவருக்கு ஒரு முள்ளும் குடுக்கக் கூடாது."

அவர்களுடைய மகள் அபி, பதினாறு வயது, சோபாவில் படுத்திருந்தாள். அவளுக்குத் தமிழ் கேட்டால் விளங்கும், வாசிக்கத் தெரியாது. மீனும் சாப்பிட மாட்டாள், முள் இருக்கிறதாம். தாளை வாங்கிப் போனால் ஒரு படம் பிடித்தாள். போன் அதைத் திரும்ப ஆங்கிலமாக்கிக் கொடுத்தது. அவள் சிரித்த சிரிப்பில் சோபாவே ஆடியது.

"அங்கிள், அழுகிற ஆக்கள் மீன் சாப்பிடக் கூடாது எண்டு போட்டிருக்கிறீங்கள்."

பிறகு எழுந்து உட்கார்ந்து, தன் உடைந்த தமிழில், அந்தச் சொல்லுக்கு இங்கே 'கெதியாப் பாதிக்கப்படுற ஆக்கள்' என்று அர்த்தம் என்று சொல்லித் தந்தாள். திருத்தினேன். போகும்போது அவள் கேட்டாள்: "கௌசி அன்ரிக்கு ஓகேயா?" சிரிப்பு நின்றுவிட்டது. சிவம் அண்ணை தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நான்தானேடா ஆகப் பெரிசாப் பாத்துப் பாத்துக் கொண்டந்தனான்" என்றார்.

"நான்தான் அண்ணை சமைச்சனான்."

திருத்தாத அந்தத் தாளின்படி பார்த்தால் அன்று நாங்கள் இரண்டு பேருமே மீன் சாப்பிடத் தகுதியில்லாதவர்கள்.

7

முடிவு பதினைந்தாம் நாள் வந்தது. நேர்ஸ்தான் அழைத்தார். கௌசி போனை ஒலிபெருக்கியில் போட்டாள். அளவு வழக்கத்தைவிடச் சற்றுக் கூட, ஆனால் கவலைப்படும் எல்லைக்குக் கீழே. அந்த மீனை நிறுத்தியது நல்லது, உடம்பு அதை மாதக்கணக்கில் மெல்ல வெளியேற்றும். மீனே வேண்டாம் என்று இருக்க வேண்டாம், சின்ன மீனாகச் சாப்பிடுங்கள். பால் கொடுக்கும் காலத்திலும் இதே கவனம். ஸ்கானில் பிள்ளை நன்றாக இருக்கிறது.

கௌசி போனை வைத்துவிட்டு மேசையில் தலையை வைத்து அழுதாள். உணர்ச்சிவசப்படுவோர். நானும்.

அடுத்த சனிக்கிழமை சிவம் அண்ணையோடு ஏரிக்குப் போனேன். பையில் பள்ளிக்கூட அடிமட்டம் ஒன்று. முதலில் ஏறியது ஒரு வாலை. நான் இதுவரை பிடித்ததில் அதுதான் பெரியது. நேர்ஸுக்கு முன்னால் நான் விரித்த கையளவுக்கு உண்மையாகவே இருந்தது. கடைசியில் உண்மை பேசுகிற மீன் வந்தபோது எனக்கு அது தேவைப்படவில்லை. தண்ணீரில் விட்டேன்.

"விசரா!" என்றார் சிவம் அண்ணை. பிறகு, "அது சரி" என்றார்.

உள்ளங்கை நீளத்தில் பச்சை வரி போட்ட சின்ன மீன்கள் கொஞ்சம் பிடித்தோம். புத்தகத்தில் அந்த நீளத்துக்குக் கௌசியின் பெட்டியில் தாராளமான எண் இருந்தது. ஒவ்வொன்றையும் அடிமட்டத்தில் வைத்துப் பார்த்துத்தான் வாளியில் போட்டேன். கௌசி அவற்றை மிளகாய்த்தூளும் உப்பும் பூசி மொறுமொறுவென்று பொரித்தாள். மணத்துக்கு ஓடவில்லை. அவளாகவே இரண்டாவது தடவை போட்டுக்கொண்டாள். நான் அம்மாவுக்கு வீடியோ எடுத்துக் கோப்பையைக் காட்டினேன்.

அம்மா போனைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். வெகு நேரம் பார்த்தார்.

"உதென்ன, பொடி மீனோ?"

"ஓமம்மா."

"கனடாவுக்குப் போயும் என்ர மருமகளுக்குப் பொடி மீன்தானோ? உன்னை வைச்சிருக்கேக்கை எனக்கும் உதுதான். அப்பனும் மகனும் ஒண்டு."

"அம்மா, அவை சொன்னதே இந்த மீனைத்தான். பெரிசு கூடாது. பிள்ளைத்தாச்சிக்குச் சின்ன மீன்தான் திறமாம்."

"ஆர் சொன்னது?"

"வாசிச்சனான்."

"வடிவா வாசிச்சியோ?"

"மூண்டு தரம் வாசிச்சனான் அம்மா. நேர்ஸும் சொன்னவா."

அம்மாவுக்குப் பின்னால் குசினிப் புகை தெரிந்தது. "அப்ப நான் அண்டைக்குத் திண்டது?" என்றார்.

எங்கள் குளத்தை யார் அளந்தார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். படித்தவனுக்கு அது ஒரு வியாதி. கௌசி மேசைக்குக் கீழே என் காலில் மிதித்தாள்.

"சரியான மீன்தான் அம்மா."

"பொடி மீன்?"

"பொடி மீன்தான். ஒன்பது மாதமும் நீங்கள் சரியாத்தான் திண்டிருக்கிறியள்."

பின்னால் ஒரு கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. அப்பா. "இப்ப விளங்குதோ? நான் சும்மாவே பெரிசு எல்லாத்தையும் வித்தனான்?"

"நீங்கள் வாயை மூடுங்கோ" என்றார் அம்மா திரும்பாமலே. "உங்களுக்குப் பாதரசம் எண்டால் என்னெண்டு தெரியுமோ?"

அப்பா துவாயை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போவது திரையின் ஓரத்தில் தெரிந்தது. இந்த முறை நடையில் கொஞ்சம் மிடுக்கு இருந்தது. அம்மா அவர் வாசலைத் தாண்டும்வரை காத்திருந்தார். பிறகு போனை வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்து குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, அந்தப் புத்தகத்தை எடுத்து எனக்கு இன்னொருக்கா வாசி. அந்த மனிசனுக்குக் கேக்காமல் வாசி."